அனிகாவுக்கு எண்பது மார்க்

இன்சூரன்ஸ்காரி லவோன் தொகையைச் சொன்னதும் ஜெனெல் சிரித்துவிட்டாள். அறுபது வயது தாண்டிய அம்மாள், எங்கேயோ ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டாள் என்று நினைத்தாள். லவோன் சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இது வருஷத்துக்குத்தானே?"

"ஆறு மாசத்துக்குக் கண்ணு."

"ஆறு மாசத்துக்கா? இப்ப கட்டுறதுல ரெண்டு மடங்கு! எதுக்கு? எம்பொண்ணு போன வாரம் லைசென்ஸ் வாங்கினா, அதுக்கா? அவ இன்னும் ஒரு குப்பைத்தொட்டியக்கூட இடிக்கலையே!"

"அவ இடிக்கல. அவ வயசுப் பிள்ளைங்க இடிச்சிருக்குதுங்களே. கம்பெனிக்கு அனிகாவைத் தெரியுமா? பதினாறு வயசுன்னு மட்டுந்தான் தெரியும்."

பதினாறு வயசுக்காரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, புது லைசென்ஸ் அட்டையில் இருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனெல்லின் கணவன் டேரன், தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, லவோன் தட்டில் வைத்திருந்த எலுமிச்சை கேக்கில் இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தான். இன்சூரன்ஸ் விஷயமாகப் பேச வந்த இடத்தில் தின்ன மட்டும் எப்படி மனசு வருகிறது இந்த மனுஷனுக்கு என்று ஜெனெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இணையத்தில் இதைவிட மலிவாக ஒரு கம்பெனியை அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். டேரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் லவோனின் வீட்டுக்காரரும் ஒருவர். ஜெனெல்லுக்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிள் கதை சொல்லிக் கொடுத்தவள் லவோன். ஊரில் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் லவோன் கொடுத்த நாள்காட்டிதான் தொங்கும். அவளை விட்டுவிட்டு வேறு இடத்தில் காப்பீடு எடுத்தால், அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? மினசோட்டாவில் எங்கள் பக்கத்து ஊர்களில் புருஷனை மாற்றியவர்கள் உண்டு. இன்சூரன்ஸ்காரியை மாற்றியவர்களை நான் பார்த்ததில்லை.

"குறைக்க ஒரு வழி இருக்கு," என்றாள் லவோன். "அனிகா போன்ல ஒரு ஆப் போட்டுடணும். எவ்வளவு வேகமாப் போறா, எப்பிடி பிரேக் போடுறா, ஓட்டும்போது போனைக் கையில எடுக்கிறாளா, எல்லாத்தையும் அது பாத்து மார்க் போடும். அறுபது நாள் கழிச்சு எண்பதுக்கு மேல இருந்தா, பிரீமியம் உங்களால கட்டக்கூடிய அளவுக்கு இறங்கிடும்."

"எண்பதுக்குக் கீழ போனா?"

"முழுத் தொகை. கட்ட முடியாதுன்னா இன்னொரு தாள் இருக்கு. வீட்டு வண்டியை அனிகா தொட மாட்டான்னு நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடணும்."

அந்தத் தாளில் கையெழுத்துப் போட ஜெனெல்லால் முடியாது. பதினோரு வருடமாக அவள் மருத்துவமனையில் இரவு நர்ஸ். காலையில் வந்து மகளைப் பள்ளியில் விட்டு, பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு அரைத்தூக்கம் தூங்கி, சாயங்காலம் மகளை அழைத்து வந்து, டேரன் சாப்பிட உட்காரும் நேரத்தில் இவள் வேலைக்குக் கிளம்புவாள். டேரன் மாவட்டச் சாலைகளில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன். பனிக்காலத்தில் விடிவதற்கு நெடுநேரம் முன்பே போய்விடுவான். அனிகாவோ பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது என்பதற்காகப் பதினாலு மைல் தள்ளி, அடுத்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே போக பஸ் கிடையாது. இப்போதுதான் மருத்துவமனையில் ஒரு பகல் ஷிஃப்ட் காலியாகி, ஜெனெல்லுக்குக் கிடைத்திருந்தது. மகள் தானே ஓட்டிக்கொண்டு போனால் பகல். இல்லையென்றால் மறுபடியும் இரவுதான், அவள் கல்லூரிக்குப் போகும் வரைக்கும்.

"கேட்டியாடி? எண்பது," என்றாள் மகளிடம். "எழுபத்தொம்பது வந்தாலும் வீட்டுப் பக்கம் வராத."

"சரிம்மா."

"போனைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"சரிம்மா."

"ஆப் போடுறதுக்கு முன்னாடியே ஒடிச்சிடாத," என்றான் டேரன், கேக் தூளைத் தட்டிவிட்டபடி. "அவ அதுக்குப் போனைத் தொடணும்ல?"

அந்தத் திங்கட்கிழமை ஜெனெல் பகல் வேலைக்குப் போனாள். அனிகா வீட்டிலிருந்த பழைய நீல வண்டியில் பள்ளிக்குப் போனாள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் லேசாகப் பனி கொட்டியது. ஏழு ஐந்துக்கு மகள் கிளம்புவாள், ஏழரைக்குப் போய்ச் சேருவாள் என்று ஜெனெல்லுக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. படுக்கைத் துணிகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள். மணி அடித்தது, மகள் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் எடுக்காதபோது, பனியில் சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கும் நீல வண்டியை அவள் மனக்கண்ணால் பார்த்தே விட்டாள்.

டேரனைக் கூப்பிட்டாள். லாரி ஓட்டும்போது போன் எடுக்க அவனுக்கு அனுமதி இல்லை. பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எட்டு மணிக்கு மேல் அழைக்கும்படி ஒரு பதிவுக் குரல் சொன்னது. பிறகு மாவட்டப் போலீசை, ஷெரீப் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கே போன் எடுக்கும் ட்ரேசி அவளோடு பள்ளியில் படித்தவள். "பயப்படாத, நான் ஆளை அனுப்புறேன்," என்றாள் ட்ரேசி.

அனிகா பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, ஹாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கும்போது, சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல ஒரு போலீஸ் வண்டி வந்து பின்னால் நின்றது. பள்ளிக்கூடமே ஜன்னலில் கூடிவிட்டது. அந்தப் போலீஸ்காரர் இறங்கி வந்து அவள் காதோடு சொல்லியிருக்கலாம். குளிருக்குச் சோம்பல்பட்டு, வண்டிக்குள் இருந்தபடியே ஒலிபெருக்கியில் சொன்னார்: "அனிகா டாலன், உங்கம்மாவுக்கு உடனே போன் பண்ணு."

அந்த வாரம் முழுக்க ஹாக்கி அணியில் அவளைக் கைதி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா எப்பிடிம்மா எடுக்கிறது?" என்று சாயங்காலம் அவள் அழாத குறையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் செத்துப் பொழச்சேன் இன்னிக்கு. இனிமே நான் கூப்பிட்டா எடுக்கணும். ரெண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடுக்கணும்."

"ஓட்டும்போதுமா?"

"எப்பவும்னா எப்பவும்!"

அனிகா அப்பாவைப் பார்த்தாள். டேரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அணியில் அவள்தான் கோல்கீப்பர். வருவதை வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்பது அவளுக்குப் பழக்கம்.

அதற்குப் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் எடுத்தாள். ஜெனெல்லுக்கு அப்பாடா என்று இருந்தது. காலையில் ஒரு தடவை, பனி அதிகமாக இருந்தால் இரண்டு தடவை. பெரிதாக என்ன பேசினாள்? எங்கே இருக்கே, ரோடு எப்பிடி இருக்கு, சாப்பிட்டியா, அவ்வளவுதான். அரை நிமிஷப் பேச்சு. அந்த அரை நிமிஷத்துக்குப் பிறகுதான் அவளுக்கு வேலையில் மனசு பதிந்தது. வேலை முடிந்து பகல் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்து, டேரனோடு உட்கார்ந்து சாப்பிட்டு, மனுஷ ஜென்மமாக இரவில் படுத்துத் தூங்கினாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு கணவனின் குறட்டையை முழுசாகக் கேட்டாள். அதுகூடப் பிடித்திருந்தது.

கம்பெனியிலிருந்து வாராவாரம் டேரனுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். விவரம் ஏதும் இருக்காது, மார்க் மட்டும். முதல் வாரம் தொண்ணூற்று நான்கு. டேரன் அதை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினான். அப்புறம் எண்பத்தொன்பது. அப்புறம் எண்பத்துநான்கு. இந்தத் தடவை கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு வரி: முக்கியக் காரணம், ஓட்டும்போது கைபேசி.

"யாருடி அவன்?" என்றாள் ஜெனெல்.

"எவன்?"

"ஓட்டும்போது பேசுறியே, அவன்!"

"அம்மா, நான் யார்கூடவும்..."

"பொய் சொல்லாத! கம்பெனிக்காரன் எழுதி அனுப்பியிருக்கான். அவனுக்கென்ன, உன்மேல பொறாமையா? நான் பதினோரு வருஷம் ஆந்தை மாதிரி முழிச்சிருந்தேன் உனக்காக. உன்னால ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் போனைத் தொடாம இருக்க முடியாதா?"

அனிகா வாயைத் திறந்தாள். ஜெனெல் கையை உயர்த்திக் காட்டினாள். அனிகா வாயை மூடிக்கொண்டாள்.

சொன்னால் மட்டும் போதுமா, கண்காணிக்க வேண்டாமா? பிள்ளை பேசுகிறாளா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜெனெல் ஒரு வழி கண்டுபிடித்தாள். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாம் கூப்பிடும்போது மகளின் போன் வேறு அழைப்பில் இருந்தால் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஆகவே காலையில் ஒன்றிரண்டாக இருந்த அழைப்பு மூன்றானது, சில நாள் நான்கானது.

"யார்கூடப் பேசிக்கிட்டிருக்கே?"

"உன்கூடத்தாம்மா."

"திமிரா? அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் நீதான்."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. ரோட்டைப் பாத்து ஓட்டு!"

டிசம்பர் முதல் வாரம் மார்க் எழுபத்தேழு வந்தது. ஜெனெல் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள். அறுபது நாள் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. மருத்துவமனையில் இரவு ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. போகவர அவள் கண்ணில் அதுதான் பட்டது. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மறுபடியும் லவோன் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை தட்டில் இஞ்சி பிஸ்கட் இருந்தது. டேரன்கூட எடுக்கவில்லை.

"அந்தக் கையெழுத்துத் தாளை எடுங்க லவோன்," என்றாள் ஜெனெல். "இவ கேக்கிற மாதிரி இல்ல. போட்டுட்டுப் போறேன். எனக்கு ராத்திரி வேலைதான்னு தலையில எழுதியிருக்கு."

"இரு கண்ணு. எதுக்கு மார்க் போச்சுன்னு பாத்தீங்களா?"

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? எவனோ ஒருத்தன்கூடப் பேச்சு. கேட்டா உன்கூடத்தான்னு எதுத்துப் பேசுறா!"

"உங்களுக்கு மொத்த மார்க்தான் வரும். என் கம்ப்யூட்டர்ல நாள், நேரம் எல்லாம் தெரியும்." லவோன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "வேகம், குத்தமே இல்ல. திருப்பம் எல்லாம் சுத்தம். பொண்ணு நல்லா ஓட்டுறா ஜெனெல், என் வீட்டுக்காரரைவிட நல்லா ஓட்டுறா. போன்தான். நேத்து காலையில ஏழு பதினொண்ணு. ஏழு பத்தொம்போது. ஏழு இருபத்தாறு. முந்தாநாள் ஏழு ஒம்போது, ஏழு பதினெட்டு..."

"பாத்தீங்களா? பள்ளிக்கூடம் போறதுக்குள்ள மூணு தடவ! என்ன தலைபோற பேச்சு அது?"

"ஜெனெல்," என்றான் டேரன். "உன் போனைக் கொடு."

"என் போன் எதுக்கு?"

"கொடேன்."

கொடுத்தாள். அவன் கட்டை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனான். பிறகு போனை மேசைமேல், லவோனின் திரைக்குப் பக்கத்தில் வைத்தான். ஜெனெல் குனிந்து பார்த்தாள். அனிகா, ஏழு பதினொன்று. அனிகா, ஏழு பத்தொன்பது. அனிகா, ஏழு இருபத்தாறு. முந்தாநாள் ஏழு ஒன்பது. ஏழு பதினெட்டு. அவள் விரல் வைத்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வாரம் பின்னால் போனாள், இரண்டு வாரம் பின்னால் போனாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எவன் என்று அவள் தேடிய அந்த ஆள் அவளேதான்.

லவோன் பிஸ்கட் தட்டை அங்கிருந்து இங்கே நகர்த்தி வைத்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ஜெனெல். குரலில் கோபம்தான் வந்தது. வேறு எதுவும் அவளுக்குக் கைவசம் இல்லை.

"சொன்னேனே. நீ எங்க காது கொடுத்துக் கேட்டே?"

"எடுக்காம விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!"

"எடுக்கலேன்னா போலீஸ் வருது. எப்பவும்னா எப்பவும்னு நீதானேம்மா சொன்ன?"

லவோன் தொண்டையைச் செருமினாள்.

"இன்னொண்ணு இருக்கு. போன வேகத்துக்குத் திடீர்னு பிரேக் போட்டது. இத்தனை நாள்ல ஒரே ஒரு தடவ. புதன்கிழமை, ஏழு பத்தொம்போதுக்கு. ஐம்பது மைல் வேகத்திலேர்ந்து அப்பிடியே நின்னுருக்கு. தானியக் கிடங்குக்குப் பக்கத்துல இருக்கே, அந்த வளைவு."

"மான்," என்றாள் அனிகா, தன் கைகளைப் பார்த்தபடி. "ரெண்டு மான். மேல படல."

முந்தாநாள் ஏழு பதினெட்டுக்குப் போட்ட அழைப்பு இரண்டு நிமிஷம் நீண்டதாகப் போனில் இருந்தது. ஜெனெல்லுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அலமாரியில் சாய்ந்துகொண்டு, கையுறையை மறந்து வைத்துவிட்டுப் போனதற்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் தொம்மென்று ஏதோ சத்தம் கேட்டது. என்னடி சத்தம் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லம்மா, பை கீழ விழுந்திடுச்சு என்றாள் மகள். இவள் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கையுறையைப் பற்றி ஆரம்பித்தாள். அனிகா பனிப்பாதை நடுவில் வண்டியை நிறுத்திவைத்து, எதிரே இரண்டு மான்கள் நிற்க, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, கையுறை விஷயமாகச் சரிம்மா சரிம்மா என்று சொல்லியிருக்கிறாள்.

ஜெனெல்லுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை செத்துவிடக்கூடாது என்று கூப்பிட்ட போன், பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறது. "ஐயோ," என்றாள். பிறகும் "ஐயோ," என்றாள். அனிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வயசுக்காரி, அப்பா எதிரிலும் லவோன் எதிரிலும், கையை இழுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்தாள்.

"பன்னெண்டு நாள் இருக்கு," என்றாள் லவோன். "போனே வரலேன்னா மார்க் ஏறும். ஆனா உன்னால முடியுமா ஜெனெல்?"

"முடியும்," என்றாள் ஜெனெல்.

"முடியாது," என்றான் டேரன்.

முடிந்தது. முடிவைச் சொல்லிவிடுகிறேன்: அறுபதாம் நாள் மார்க் எண்பத்தொன்று. இரவு ஷிஃப்டுக்கு வேறொருத்தியை எடுத்தார்கள். அந்தக் கையெழுத்துத் தாள் லவோனின் மேசை இழுப்பறைக்கே திரும்பிப் போனது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளில் முதல் திங்கட்கிழமை எப்படிப் போனது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

அன்று வேலைக்குப் போனதும் ஜெனெல் போனை லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைமை நர்ஸிடம் கொடுத்தாள். "ஒம்போது மணிக்கு முன்னாடி நான் அழுது கேட்டாலும் கொடுக்காதீங்க," என்றாள். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஏழு ஐந்தானது. ஏழு பத்தானது. மூன்றாம் அறைக் கிழவருக்கு மாத்திரை கொடுக்கும்போது அவள் கை இரண்டு தடவை சட்டைப் பைக்குப் போய் வந்தது.

"பாக்கெட்டுல எலி கிலி இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல. ஒண்ணுமே இல்ல. அதான் கஷ்டம்."

ஏழு பத்தொன்பதுக்கு அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழரைக்கு வெளியே வந்து, ஒரே நோயாளிக்கு இரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒன்பது அடித்ததும் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடி லாக்கரைத் திறந்தாள்.

ஒன்பது தவறிய அழைப்புகள். எல்லாம் அனிகாவிடமிருந்து. முதல் அழைப்பு ஏழு முப்பத்திரண்டுக்கு வந்திருந்தது. அதன் கீழே செய்திகள்.

"வந்து வண்டிய நிறுத்திட்டேன்."

"நீ நிஜமாவே இன்னிக்குக் கூப்பிடலையா?"

"அம்மா, போனை எடு."

"அம்மா??"

எல்லாவற்றுக்கும் கடைசியில், எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு, ட்ரேசியின் செய்தி: "ஷெரீப் ஆபீசுக்கு உன் பொண்ணு போன் பண்ணினா. அம்மா போனை எடுக்கல, ஏதாவது ஆயிடுச்சோன்னு பயப்படுறா. உயிரோட இருக்கியா? ஆளை அனுப்பட்டுமா?"

ஜெனெல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருக்கேன், ஆள் வேண்டாம் என்று ட்ரேசிக்கு அனுப்பினாள். பிறகு மகளுக்குத் தட்டினாள்: "கையுறை போட்டுக்கிட்டுப் போனியா?"

அனுப்பும் முன் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஒன்பது ஐந்து. வண்டி நின்றுகொண்டிருக்கும். அனுப்பினாள்.